இரண்டரை விரலும் ஒரு டாங்கியும்

பெட்டி வந்த நாளில் எங்கள் மலையூரான நடுவட்டத்தில் நல்ல மழை. கூரியர்காரர்கள் எங்கள் எஸ்டேட் குடியிருப்பு வரை ஏறி வருவதில்லை. கூடலூர் ரோட்டோரம் இருக்கும் டீக்கடையில் கொடுத்துவிட்டு ஃபோன் செய்துவிடுவார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பந்தலூர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் மலையாளம் கலந்திருக்கும்.

"எந்தா அண்ணா இது? உள்ளே கலகலன்னு சத்தம் கேக்குது."

"டேங்க்குங்க," என்றேன்.

"டேங்கா? இந்தச் சின்னப் பெட்டியிலயா? எத்தனை லிட்டர் கொள்ளும்?"

"தண்ணி டேங்க் இல்லீங்க. சண்டைக்குப் போற டேங்க். பிளாஸ்டிக்ல வரும். நாமளே பூட்டி, பெயிண்ட் அடிக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பார்த்தார். "வீட்டுக்குக் கொச்சுப் பசங்க யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரும் வரலீங்க. எனக்குத்தான்."

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நடந்தேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. கையில் அடிபட்ட பிறகான அந்த ஒன்றரை வருடத்தில் எல்லோருடைய பார்வையும் முகத்தில் தொடங்கிக் கையில்தான் போய் முடிந்தது.

என் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் முழுதாக இருக்கின்றன. மோதிரவிரல் பாதி. மற்ற இரண்டும் இல்லை. நான் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தேன். ஒரு நாள் காலை, கொழுந்தை நறுக்கும் உருளைகளை நிறுத்திவிட்டு இடையில் சிக்கியிருந்த எதையோ எடுத்துக்கொண்டிருந்தேன். நான் உள்ளே கை விட்டிருப்பது தெரியாமல் ஒருவர் சுவிட்சைத் தட்டிவிட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வலி எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். வலி ஆறிவிட்டது. ஆறாமல் போனது மற்றவர்கள் என்னிடம் பேசிய விதம்தான்.

குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சுரம் வந்த குழந்தையிடம் பேசுவது போல வார்த்தைகளை மெல்லமாக வைத்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில், சோற்றில் நான் கை வைப்பதற்குள் ஒரு உறவுக்காரர் ஓடிவந்து என் இலையில் ஸ்பூன் ஒன்றை வைத்தார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஸ்பூனை எடுத்து இலைக்கு வெளியே வைத்துவிட்டு, இருந்த விரல்களால் ரசம் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டேன். பாதி சிந்தியது. சிந்தட்டும் என்று சாப்பிட்டேன். பந்தி எழுந்த பிறகும் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

ஃபாக்டரியில் கேட் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொன்னார்கள். "உட்கார்ந்துக்கிட்டே பார்த்துக்கலாம்" என்றார் மேனேஜர். மெஷின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்பவனை, லாரி நம்பர் எழுத உட்காரச் சொன்னார். வேண்டாம் என்றேன். திமிர் என்றார்கள். ஆமாம், திமிர்தான். அப்போது என்னிடம் உடையாமல் இருந்தது அது ஒன்றுதான்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த டாக்டர் நல்லவர். பச்சைப்பயறு பொறுக்கச் சொல்வார், பஞ்சுப் பந்தை அமுக்கச் சொல்வார். கடைசி நாளில் சொன்னார்: "டம்ளர், கதவுக் கைப்பிடி, இந்த மாதிரி பெரிய பொருளைப் பிடிச்சுப் பழகிக்கங்க. நுணுக்க வேலையெல்லாம் இனிமே எதிர்பார்க்காதீங்க. மனசைத் தேத்திக்கங்க."

மனதை எதற்குத் தேற்ற வேண்டும்? அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் 'நுணுக்க வேலை' என்ற வார்த்தையையே மென்றுகொண்டு வந்தேன். அந்த வாரம் ஃபோனில், இரண்டு விரலால் ஸ்க்ரூ முடுக்குவது எப்படி என்று தேடிக்கொண்டிருந்தபோது ஒரு காணொளி குறுக்கே வந்தது. யாரோ ஒருவர் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு டாங்கியைப் பூட்டிக்கொண்டிருந்தார். இடுக்கியால் அவர் எடுத்து ஒட்டிய பாகம் ஒன்று கடுகு அளவு இருந்தது. நான் அதை மூன்று தடவை பார்த்தேன். பிறகு தேடித் தேடி, 'அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று பெட்டியில் போட்டிருந்ததையே வரவழைத்தேன். ரஷ்யாக்காரர்கள் செய்து, ஒரு காலத்தில் நம் ராணுவத்திலும் ஓடிய டாங்கி அது.

என் மனைவி அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். மாலையில் வீட்டுக்கு வந்தவள் மேஜை மேல் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தாள். பச்சை நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் காயோடு காய் ஒட்டிக்கொண்டிருப்பது போல டஜன் கணக்கில் பாகங்கள்.

"ஏனுங்க, இது என்னத்துக்குங்க?"

"சும்மாதான்."

அவள் ஒரு சட்டத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இத்தினியூண்டா இருக்குதே," என்றாள். பிறகு, "நான் புடிச்சுக்கட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாம்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவளுக்கு நான் காலம் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். சுற்றியிருந்தவர்களில் 'வேண்டாம்' என்ற சொல்லை அப்படியே நம்பியவள் அவள் ஒருத்திதான்.

முதல் இரண்டு வாரம் கேவலமாகப் போனது. இடது கையால் பாகத்தை வெட்டி எடுப்பேன். வலது கைக்கு மாற்றும்போது கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவிலிருந்து அது தெறித்துப் போகும். மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடுவேன். பசை தேவையில்லாத இடத்தில் வழிந்து பிளாஸ்டிக்கைக் கரைத்தது. சக்கரம் ஒன்றில் என் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்துவிட்டது. மேல் மூடியின் கைப்பிடி, தலைமுடி கனம்தான் இருக்கும், மூன்றாம் முறை ஒடிந்தபோது எல்லாவற்றையும் பெட்டியில் வாரிப் போட்டு அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். டாக்டர் சொன்னது சரிதான் என்று அன்றைக்கு எனக்கே தோன்றியது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மூன்று நாள் அந்தப் பெட்டியைப் பார்க்காமலே வீட்டுக்குள் நடமாடினேன். நான்காம் நாள் துணி காயப்போடும்போது, கொடியில் வரிசையாக நின்ற கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஃபாக்டரியில் ஒரு ஷாஃப்டைக் கையிலா பிடித்துக்கொண்டு அராவுவேன்? வைஸ் என்ற இரும்புப் பிடியில் மாட்டித்தானே அராவுவேன். பொருள் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். விரல் பிடித்தால் என்ன, மரக்கட்டை பிடித்தால் என்ன? இத்தனை நாளாக நான் ஃபிட்டர் என்பதை மறந்துவிட்டு, விரல் போனவனாக மட்டும் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே ஒரு பலகையில் துணி கிளிப்புகளை அறைந்து வரிசையாக நிறுத்தினேன். சின்ன பாகங்களுக்கு நடுவில் கீறல் போட்ட மூங்கில் குச்சிகள். சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டிக் கட்டைவிரலில் மாட்டி, அதில் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டேன். முதலில் அது ஆடியது. இரண்டாவது வளையத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வெட்டினேன். பிரஷ் என் கையில் முளைத்தது போல நின்றது.

அலமாரி மேலிருந்த பெட்டி கீழே இறங்கியது. ஒடிந்த கைப்பிடிக்குப் பதிலாகச் செம்புக் கம்பி ஒன்றை வளைத்து ஒட்டினேன். பிளாஸ்டிக்கை விட அது நன்றாக இருந்தது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையில் இந்தப் பக்கம் தொண்ணூறு கண்ணி, அந்தப் பக்கம் தொண்ணூறு. ஒவ்வொன்றையும் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஒன்றோடொன்று கோத்து ஒட்ட வேண்டும். ஒரு பகலுக்குப் பத்துக் கண்ணி என்று வைத்துக்கொண்டேன். மனைவி பள்ளிக்குப் போனதும் ஜன்னலோரம் உட்காருவேன். எதிரில் தேயிலைச் சரிவு மூடுபனியில் மறைவதும் தெரிவதுமாக இருக்கும். மத்தியானம் நிமிர்ந்தால் கழுத்து பிடித்திருக்கும். மனதில் ஒரு வார்த்தைகூட ஓடியிருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது வெல்டிங் கோடுகள். உண்மையான டாங்கியில் இரும்புத் தகடுகளைச் சேர்த்து வெல்டிங் வைத்திருப்பார்கள். இந்தப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக்கில் அந்த இடம் வழவழப்பாக, பொய்யாக இருந்தது. நான் ஆயுளில் பாதியை வெல்டிங் வைத்துக் கழித்தவன். பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி நூலாக இழுத்தேன். அதை இணைப்பில் ஒட்டிப் பசையால் இளக்கி, பிளேடு முனையால் பிறை பிறையாக அழுத்திக்கொண்டே போனேன். வெல்டிங் குச்சி நகரும்போது விழுமே, அதே அலை. முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தேன். அந்தக் கோட்டைப் போட்டவன் யார் என்று என்னைக் கேட்டால், ஒரு நல்ல வெல்டர் என்று சொல்லியிருப்பேன்.

அந்தக் கிளிப் பலகையும் ரப்பர் வளையமும் இன்னொன்றையும் கொண்டுவந்தன. மருந்தடிக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின் என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் பழுது பார்க்கக் கொண்டுவரத் தொடங்கினார்கள். கார்புரேட்டரைப் பிரித்து ஊசியைச் சரிசெய்து பூட்டிக் கொடுப்பேன். வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்ச் போட்டாகிவிட்டது. கேட்டில் உட்காரச் சொல்லி யாரும் மறுபடி வரவில்லை.

டாங்கிக்கு அடர்ந்த பச்சை அடித்தேன். சங்கிலிக்குத் துரு நிறம். எங்கள் பாதையில் எடுத்த செம்மண்ணைக் காயவைத்து டீ வடிகட்டியில் சலித்து, சக்கரங்களின் மேல் தூவிப் படிய வைத்தேன். வடிகட்டி விஷயத்தில் வீட்டில் ஒரு நாள் பேச்சுவார்த்தை நின்றது. புது வடிகட்டி வாங்கிக் கொடுத்த பிறகு சரியானது.

எங்களுக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் வேலை. டாங்கியின் படத்தை அனுப்பியபோது உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க இந்த மாதிரி பொம்மை செய்யறவங்களுக்கு ஒரு போட்டி வெக்கிறாங்கப்பா. அடுத்த மாசம். நான் உங்க பேரைக் குடுத்துடட்டுங்களா?"

"பொம்மை இல்லை கண்ணு, மாடல்," என்றேன். "குடு."

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைசி வேலையாக, பளபளப்பைக் குறைக்கும் வார்னிஷ் ஒன்றை ஸ்ப்ரே செய்ய வேண்டும். மழை நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, இனி முடியாது என்று தாழ்வாரத்தில் வைத்து அடித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் என் கண் முன்னாலேயே டாங்கி வெளுத்தது. பாலில் முக்கி எடுத்தது போல. பச்சையும் காணோம், துருவும் காணோம், வெல்டிங் கோடும் காணோம். காற்றிலிருந்த ஈரத்தை வார்னிஷ் உள்ளே பிடித்துக்கொண்டது. ஐந்து மாத வேலை ஒரு வெள்ளைக் கட்டியாக மேஜை மேல் நின்றது.

மனைவி வந்து பார்த்தாள். நான் ஃபோனில் தேடினேன். காய்ந்த வெயிலில் வைத்து, மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால் அந்த வெள்ளை கரைந்து போகும் என்று போட்டிருந்தது. காய்ந்த வெயிலுக்கு நடுவட்டத்தில் எங்கே போவது? மூன்று வாரமாக எங்கள் வீட்டில் உள்பாவாடைகூடக் காயவில்லை.

"கீழ போலாமுங்க," என்றாள் மனைவி. "மேட்டுப்பாளையத்துல தம்பி ஊட்டு மொட்டை மாடி இருக்குது. அங்க வெயில் மண்டையப் பொளக்குது. நாளைக்குக் காலையிலேயே கெளம்பலாம்."

சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். ஊட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இன்னொன்று. பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து டாங்கியை உள்ளே இறக்கியிருந்தேன். பஸ் ஏறும்போது கம்பியைப் பிடிக்க எனக்கு நல்ல கை வேண்டும். டப்பாவை நீட்டி, "இதைப் புடிச்சுக்கோ," என்றேன். ஐந்து மாதத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் உதவி. குன்னூர் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாய, அவள் டப்பாவை எதிர்ப்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தாள். கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது, ஸ்வெட்டர் கசகசத்தது. கல்லாறில் பாக்குத் தோப்புகள் மேல் வெயிலைப் பார்த்ததும் அவள் என் தொடையில் தட்டி ஜன்னலைக் காட்டினாள்.

மைத்துனர் வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் டாங்கியையும் காயவைத்தோம். பன்னிரண்டு மணி வெயிலில் பளபளப்பு வார்னிஷை மெல்லிசாக அடித்தேன். எங்கள் இருவருக்கும் மூச்சு விடப் பயமாக இருந்தது. முதலில் பீரங்கிக் குழாயின் நுனியில் பச்சை தெரிந்தது. பிறகு பீரங்கியைத் தாங்கும் கூண்டு. பிறகு சக்கரம், மண், துரு என்று ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தன. கடைசியாக வெல்டிங் கோடு. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். கீழேயிருந்து மைத்துனரின் மனைவி, "என்னங்க ஆச்சு?" என்று மாடி ஏறி ஓடிவந்தாள். பளபளப்பைக் குறைக்கும் வார்னிஷை மறுபடி அடித்து, அது காய்ந்தபோது டாங்கி பழையபடி மங்கலாக, சண்டைக்குப் போய் வந்தது போல நின்றது.

மறுநாள் கோயம்புத்தூர். ஒரு கல்யாண மண்டபத்தில் மேஜைகள் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மகள் வாசலில் காத்திருந்தாள். போட்டியை நடத்துபவர் நாற்பது வயதுக்காரர். நல்ல மனிதராகத் தெரிந்தார். என் பேரைக் கேட்டதும் எழுந்து நின்று வணங்கினார்.

"வாங்கய்யா, வாங்க. உங்களுக்கு மேடைக்குப் பக்கத்துலயே இடம் போட்டிருக்கோம்."

மேடையோரம் ஒரு மேஜை. சாமந்தி மாலை சுற்றியிருந்தது. 'மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவு' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. மேஜையில் ஒரு கப்பல், காகிதத்தில் செய்த ஒரு கோயில் கோபுரம். கேமராக்காரர் ஏற்கெனவே என் கையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"டேங்க்கெல்லாம் எங்கீங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"அது அந்தக் கோடியில இருக்குங்கய்யா. அது போட்டிப் பிரிவு."

"அப்ப இது?"

"இது சிறப்புப் பிரிவுங்க. இதுல எல்லாருக்குமே பரிசு உண்டுங்க."

"எல்லாருக்கும் பரிசுன்னா, அப்புறம் என்னத்தைப் பார்க்கறீங்க?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் முகம் சிவந்திருந்தது. "ஃபார்ம்ல கேட்டிருந்தாங்கப்பா. உண்மையைத்தானே எழுதினேன்," என்றாள்.

"கையைப் பத்தி எழுதினது உண்மைதான் கண்ணு. போட்டிக்கு வந்தது டேங்க். அதுக்கு ஒரு கொறையும் இல்லை."

"அய்யா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் நடத்துபவர். குரல் தாழ்ந்தது, எனக்குப் பழக்கமான அதே தாழ்வு. "அங்க ரொம்பக் கறாராப் பார்ப்பாங்க. டார்ச் அடிச்சுக் குத்தம் கண்டுபிடிப்பாங்க. உங்க மனசு கஷ்டப்படும்."

"படட்டுங்க."

டப்பாவைத் திறந்து டாங்கியை எடுத்தேன். மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். ஒரு எட்டு வைத்தபோதே ஒன்று தோன்றி நின்றேன். அந்தக் கப்பலைச் செய்தவர் மேஜைக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை விட இளையவர். "தம்பி, நீங்களும் வாங்க. உங்க கப்பலையும் அங்க வெச்சிரலாம்," என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். மண்டபம் கேட்க வேண்டும் என்றிருந்தது.

அவர் சிரித்தார். "இல்லீங்கண்ணா. எனக்கு இந்த மேஜையில ஒரு வருத்தமும் இல்லை. இந்தச் சான்றிதழை வெச்சு ஒரு இடத்துல வேலை கேட்கப் போறேன். உங்க கோவம் உங்களோடதுங்க. நீங்க போயி வெச்சுட்டு வாங்க."

நான் தலையாட்டிவிட்டு நடந்தேன். எனக்கு உறைத்தது. என் சண்டையை அவர் தலையில் தூக்கி வைக்கப் பார்த்தது என் தவறு. ஆனால் திரும்பவில்லை. டாங்கிகள் வரிசையாக நின்ற மேஜையில், ஒரு பாலைவன நிற வண்டிக்கும் பனி பூசிய வண்டிக்கும் நடுவே இடம் பிடித்து என்னுடையதை வைத்தேன்.

நடுவராக வந்தவள் முப்பது வயதுப் பெண். கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் பென் டார்ச். என் டாங்கியை மட்டும் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவ்வளவு நேரமும் நான் மூச்சுவிடவில்லை. என்னையறியாமல் வலது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தேன்.

"இது யாருதுங்க?"

"என்னுதுங்க."

"பீரங்கிக் குழாயை ரெண்டு பாதியா ஒட்டியிருக்கீங்க. அந்த இணைப்புக் கோடு அடியில அப்படியே தெரியுது, தேய்க்கலை. நம்பர் ஸ்டிக்கர் ஒட்டின இடத்துல அடியில காத்து நின்னு பளபளங்குது. இடது பக்கச் சங்கிலி தொய்வே இல்லாம விறைப்பா நிக்குது. நிஜத்துல இவ்வளவு கனமான சங்கிலி சக்கரத்து மேல தொங்கும்."

ஒவ்வொன்றும் சரி. ஒரு வார்த்தை மறுக்க முடியாது. ஏறக்குறைய இரண்டு வருடமாக நான் என்ன செய்தாலும், சட்டைப் பொத்தானைப் போட்டால்கூட, "அடடா" என்றார்கள். இவள் ஒருத்திதான் முதன்முதலாக என் வேலையில் குற்றம் சொன்னாள். ஃபாக்டரியில் புதிதாகச் சேர்ந்தபோது ஃபோர்மேனிடம் இப்படித் திட்டு வாங்கியது; அதற்குப் பிறகு இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

அவள் இன்னும் குனிந்தாள். "இந்த வெல்டிங் மட்டும் எப்படிப் பண்ணீங்க? பெட்டியில இப்படி வராதே."

சொல்லிப் புரியவைக்க முடியாது. காட்ட வேண்டும். கை பாக்கெட்டிலிருந்து தானாக வெளியே வந்தது. அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். "பிளேடை எந்தச் சாய்வுல புடிச்சீங்க?" என்று கேட்டாள். நான் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து அந்தச் சாய்வைக் காட்டினேன். அவள் தன் பேனாவை அதே சாய்வில் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

எனக்குப் பரிசு இல்லை. முதல் மூன்று இடமும் வேறு ஆட்களுக்கு. வென்ற டாங்கியைப் போய்ப் பார்த்தேன். பீரங்கிக் குழாயில் கோடு இல்லை, சங்கிலி அழகாகத் தொய்ந்திருந்தது. வெல்டிங் என்னுடையதுதான் மேல். அதை இன்றைக்கும் சொல்வேன்.

கூட்டம் கலையும் நேரத்தில் நடத்துபவர் ஒரு சான்றிதழும் கேடயமுமாக வந்தார். "அய்யா, சிறப்புப் பிரிவுல உங்க பேரை ஏற்கெனவே அச்சடிச்சுட்டோம். இதையாவது வாங்கிக்கங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முன்னால் வந்தாள். "வேண்டாமுங்க. ஃபார்ம்ல நான்தான் தப்பா எழுதிட்டேன். அப்பா அந்தப் பிரிவுல இல்லை. டேங்க் பிரிவுலதான் நின்னாரு, அங்க ஜெயிக்கலை," என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் தாழவில்லை. சாப்பிடும்போது என் தட்டிலிருந்த வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

மாலை பஸ்ஸில் மலை ஏறினோம். பர்லியார் தாண்டியதும் ஜன்னலைச் சாத்தினோம். டப்பா மனைவியின் மடியில் இருந்தது. அவள் சொன்னாள்:

"குழாய்ல கோடு இருக்குதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சே. நான் அதைப் போன மாசமே பார்த்தேனுங்க."

"பார்த்தியா? அப்ப ஏன் சொல்லலே?"

"நீங்க கேக்கலீங்களே."

"இனிமே சொல்லு," என்றேன்.

"சொல்லுவேனுங்க. சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

அடுத்த பெட்டி வந்து ஒரு மாதமாகிறது. இன்னும் பெரிய டாங்கி, இருமடங்கு பாகங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வருகிறாள். நேற்று நான் முடித்துவைத்த கூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான்கு இடத்தில் தேய்ப்பு போதாது என்றாள். நான் இரண்டை ஒப்புக்கொண்டேன். மற்ற இரண்டுக்குச் சண்டை நடக்கிறது.